ஆதர் ஆஷ்: ஆடச் செல்வதா, ஆட மறுப்பதா?

நாடுகள் தத்தமது ஆடவர் அணிகளை அனுப்பி மோதும் டேவிஸ் கிண்ண டெனிஸ் சுற்றுப்போட்டி 1900 ஆம் ஆண்டில் ஆரம்பமானது. அதன் நீண்ட வரலாற்றில் இறுதிப் போட்டி ஆடப்படாமலேயே வெற்றியாளர் தீர்மானிக்கப்பட்ட ஆண்டு ஒன்றே ஒன்றுதான். அது 1974. அவ்வாண்டு இறுதிப் போட்டிக்குத் தெரிவானவை இந்தியாவும் தென்னாபிரிக்காவும் ஆகும். கறுப்பின மக்களைச் சொந்த மண்ணிலேயே உரிமையற்றவர்களாக்கி வைத்திருந்த ஓர் அரசின் அணியோடு ஆடுவதில்லை என இந்தியா தீர்மானித்தது. கிண்ணம் தென்னாபிரிக்காவிடம் சென்றது. அதுவரை அமெரிக்கா, பிரித்தானியா, பிரான்ஸ், அவுஸ்திரேலியா ஆகிய நான்கு தரப்புகளின் கைகளை விட்டு வெளியே போகாதிருந்த அக்கிண்ணம், முதன்முதலாக வேறொரு நாட்டுக்குச் சென்றது இவ்விதமாகத்தான்.

இதற்கு ஏறக்குறைய ஓராண்டுக்கு முன்னர், 1973 நவம்பரில், அமெரிக்காவின் டேவிஸ் கிண்ண அணியில் இடம்பெற்ற முதலாவது கறுப்பின வீரரான ஆதர் ஆஷ், அதே தென்னாபிரிக்காவுக்கு ஆடச் சென்றிருந்தார். இந்தியா எதிர்த்ததும் ஆஷ் எதிர்த்ததும் ஒரே கொள்கையைத்தான். ஆனால் ஒரு தரப்பு போகமாட்டோம் என்றது; மற்றவரோ போய்த்தான் ஆகவேண்டும் என்றார். இவ்விரண்டில் எது சரியென்ற வினா ஆஷை அவரது வாழ்நாள் முழுவதும் விட்டகலவில்லை. 1993 ஆம் ஆண்டு காலமான அம்மனிதரின் வாழ்க்கையை இன்று திரும்பிப் பார்க்கும்போதும் முதலில் எம் முன்னே வந்து நிற்பது அந்த வினாவே.

இலங்கை வாசகர்களுக்கும் இது அந்நியமான விடயமல்ல. 1982 இல் எமது நாட்டின் கிரிக்கெட் வீரர்கள் குழுவொன்று சர்வதேசத் தடையையும் மீறித் தென்னாபிரிக்கா சென்று, திரும்பி வந்ததும் 25 ஆண்டுகாலத் தடைக்கு ஆளானதை மூத்த தலைமுறையினர் மறந்திருக்கமாட்டார்கள். அப்பயணத்துக்கும் ஆஷின் பயணத்துக்கும் இடையே பெரும் வேறுபாடு உண்டு. அதனை விளங்கிக்கொள்வதற்கு அவர் எங்கிருந்து வந்தார் என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

ஆதர் ரொபர்ட் ஆஷ் 1943 ஜூலை 10 ஆம் திகதி அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத் தலைநகரான ரிச்மண்டில் பிறந்தார். உள்நாட்டு யுத்த காலத்தில் அடிமை முறையைப் பேணப் போராடிய தென் மாநிலங்களின் தலைநகராக விளங்கிய நகரம் அது. அந்த யுத்தத்தின் தளபதிகளுக்குப் பிரதான வீதியொன்றில் வரிசையாகச் சிலைகள் எழுப்பப்பட்டிருந்தன. பாடசாலை, பேருந்து, பூங்கா என அனைத்தும் வெள்ளையருக்கு வேறாகவும் கறுப்பருக்கு வேறாகவும் இருந்தன. ஆஷின் தந்தை, கறுப்பினத்தவருக்கென ஒதுக்கப்பட்ட புரூக்ஃபீல்ட் பூங்காவின் பராமரிப்பாளர். அப்பூங்காவின் உள்ளேயே குடும்பத்தின் வீடும் இருந்தது. வீட்டு வாசலிலிருந்து சில அடி தூரத்தில் நான்கு டெனிஸ் தளங்கள். வறியவர்களுக்கு எட்டாத ஒரு விளையாட்டு, அந்தச் சிறுவனின் முற்றத்துக்கே வந்து சேர்ந்தது இவ்வாறுதான்.

அவருக்கு ஆறு வயதாக இருக்கையில், 1950 இல், தாயார் மெற்றி காலமானார். அவருக்கு வயது 27 மாத்திரமே. தந்தை கண்டிப்பானவர். பாடசாலை முடிந்து வீடு வந்து சேர எவ்வளவு நேரமெடுக்கும் என்று கணக்கிட்டு வைத்து, அதற்கு மேல் ஒரு நிமிடம் தாமதித்தாலும் விசாரிப்பவர். மெலிந்த உடல்வாகு கொண்ட அச்சிறுவன் புத்தகங்களிலும் டெனிஸ் தளத்திலும் தனது தனிமையைப் போக்கிக்கொண்டான். அப்பூங்காவில் பயிற்சி பெற்றுவந்த ரொன் சரிட்டி என்ற பல்கலைக்கழக மாணவரே அவனுக்கு முதன்முதலில் மட்டை பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். பின்னர் அவர்தான் அச்சிறுவனை லிஞ்ச்பேர்க் நகரிலிருந்த வைத்தியர் ரொபர்ட் வோல்டர் ஜோன்சனிடம் அழைத்துச் சென்றார்.

வைத்தியர் ஜோன்சனைப் பற்றிச் சற்று விரிவாகவே கூறவேண்டும். விம்பிள்டனில் வென்ற முதலாவது கறுப்பினப் பெண்ணான அல்தியா கிப்சனை உருவாக்கியவர்களுள் அவரும் ஒருவர். தனது வீட்டின் பின்புறத்தில் டெனிஸ் தளம் அமைத்து, ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் கறுப்பினப் பிள்ளைகளைத் தங்கவைத்துப் பயிற்றுவித்தார். அவரது பயிற்சியில் மட்டை வீச்சைவிட ஒழுக்க விதிகளுக்கே முதலிடம். நடுவரின் தீர்ப்பை எதிர்த்து வாய் திறக்கக்கூடாது. எதிராளி அடித்த பந்து கோட்டுக்குச் சற்று வெளியே விழுந்தாலும் உள்ளே விழுந்ததாகவே கொண்டு ஆடவேண்டும். பக்கம் மாறும்போது பந்துகளைப் பொறுக்கி எதிராளியின் கையில் கொடுக்கவேண்டும். வெள்ளையர் கழகங்களில் நடைபெறும் போட்டிகளில் இப்பிள்ளைகளை வெளியேற்றுவதற்கு எவருக்கும் எந்தச் சாட்டும் கிடைத்துவிடக்கூடாது என்பதே அவரது நோக்கம். ஆஷின் முகத்தில் பிற்காலத்தில் உலகம் கண்ட அந்தச் சலனமற்ற அமைதியைப் பலரும் பிறவிக் குணம் எனக் கருதினார்கள். ஒரு சமூகம் தனது பிள்ளைகளைப் பாதுகாப்பதற்காகப் பயிற்றுவித்த அமைதி அது.

ரிச்மண்டின் சிறந்த பொதுத் தளங்களில் ஆடுவதற்கு அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. குளிர்கால உள்ளரங்குகளும் வெள்ளையருக்கு மாத்திரமே. இதனால் பாடசாலைக் கல்வியின் இறுதியாண்டில் அவர் சென் லூயிஸ் நகருக்கு அனுப்பப்பட்டார். டேவிஸ் கிண்ணத்தை அன்பளிப்புச் செய்த டுவைட் டேவிஸ் பிறந்த ஊரும், அவர் பூங்கா ஆணையாளராகவிருந்து பொதுமக்களுக்கு டெனிஸ் தளங்கள் அமைத்துக் கொடுத்த ஊரும் அதுவே. அங்கிருந்து புலமைப்பரிசில் பெற்றுக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்துக்குச் சென்ற ஆஷ், 1965 இல் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான ஒற்றையர் சம்பியனாகி, 1966 இல் வணிக நிர்வாகத்தில் பட்டம் பெற்றார்.

அதற்கு முன்னரே, 1963 இல், தமது 20 ஆவது வயதில் டேவிஸ் கிண்ண அணிக்கு அவர் தெரிவு செய்யப்பட்டிருந்தார். தனது மாநிலத்தில் பல உணவகங்களில் உட்கார்ந்து உண்ணமுடியாத ஓர் இளைஞன், தன் மார்பில் அந்த நாட்டின் பெயரைச் சுமந்து ஆடினான். தனக்கென ஆடும் போட்டிகளைவிட நாட்டுக்கென ஆடும் இப்போட்டியே ஆஷுக்கு இறுதிவரை பெரிதாக இருந்தது. அதில் அவர் எப்போதும் வென்றார் என்பதல்ல. 1967 இல் ஈக்வடோர் என்ற சிறிய நாட்டிடம் அமெரிக்கா 2-3 எனத் தோற்று உலகையே வியக்கவைத்தபோது, தனது இரு ஒற்றையர் ஆட்டங்களிலும் தோல்வி கண்டவர் ஆஷ்தான். ஆயினும் அடுத்த ஆண்டே அடிலெய்டில் அவுஸ்திரேலியாவை 4-1 என வென்று, ஐந்து ஆண்டுகளின் பின் கிண்ணத்தை மீட்ட அணியிலும் அவர் முன்னணியில் நின்றார். 1969, 1970 ஆம் ஆண்டுகளிலும் கிண்ணம் அமெரிக்காவிடமே இருந்தது. மொத்தத்தில் 32 ஒற்றையர் ஆட்டங்களில் 27 வெற்றிகள் என்பது அவரது டேவிஸ் கிண்ணக் கணக்கு.

1968 அவரது ஆண்டு. அப்போது அவர் இராணுவத்தில் லெப்டினன்டாகக் கடமையாற்றிக்கொண்டிருந்தார். தொழில்முறை வீரர்களுக்கும் கதவு திறந்துவிடப்பட்ட முதலாவது அமெரிக்கப் பகிரங்கப் போட்டியில், நெதர்லாந்தின் டொம் ஒக்கரை ஐந்து செட்களில் வென்று சம்பியனானார். அமெச்சூர் வீரர் என்பதால் 14,000 டொலர் பரிசுத்தொகை அவருக்குக் கிடைக்கவில்லை. தோற்ற ஒக்கருக்கே கிடைத்தது. ஆஷுக்குக் கிடைத்தது நாளொன்றுக்கு 20 டொலர் வீதம் செலவுப் பணம் மாத்திரமே.

அதே ஆண்டின் ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டார். அதற்கு முந்திய ஆண்டில் முஹம்மது அலி இராணுவ சேவைக்குச் செல்ல மறுத்துத் தமது குத்துச்சண்டைப் பட்டத்தை இழந்திருந்தார். அலியின் வழி மறுப்பின் வழி. இராணுவச் சீருடை அணிந்து, வெள்ளையர் கழகங்களில் கைதட்டல் பெற்றுக்கொண்டிருந்த ஆஷைக் கறுப்பின இளைஞர் பலர் ஐயத்தோடு நோக்கினர். அந்த ஐயம் அவரை உறுத்தியது. தனக்கென ஒரு களத்தை அவர் தேடினார். அக்களம் தென்னாபிரிக்காவாக அமைந்தது.

1969 இல் தென்னாபிரிக்கப் பகிரங்கப் போட்டியில் ஆடுவதற்கு அவர் வீசா கோரினார். மறுக்கப்பட்டது. 1970 இல் மீண்டும் கோரினார், மீண்டும் மறுக்கப்பட்டது. உலகின் முன்னணி வீரர் ஒருவர் தோலின் நிறத்துக்காகத் திருப்பியனுப்பப்பட்டமை, டெனிஸ் உலகம் அதுவரை கண்ணை மூடிக்கொண்டிருந்த ஒரு விடயத்தைப் பகிரங்கப்படுத்தியது. 1970 இல் தென்னாபிரிக்கா டேவிஸ் கிண்ணப் போட்டியிலிருந்து வெளியேற்றப்பட்டது. அவ்வெளியேற்றத்துக்காக வாதாடியவர்களில் ஆஷும் ஒருவர். ஐக்கிய நாடுகள் சபையிலும் அவர் சாட்சியமளித்தார். இக்கட்டம்வரை அவர் பகிஷ்கரிப்பின் பக்கமே நின்றார் எனலாம்.

பின்னர் அவரது எண்ணம் மாறத் தொடங்கியது. அம்மக்களை நேரில் காணாது, அந்நாட்டை மிதிக்காது, தூரத்திலிருந்து அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பது சரியா என்று அவர் தம்மையே கேட்டுக்கொண்டார். ரிச்மண்டில் மூடப்பட்ட கதவுகள் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் முதலில் உள்ளே நுழைந்ததால்தான் திறந்தன என்பது அவரது சொந்த அனுபவம். இங்கே ஒரு முரணையும் கவனித்தல் வேண்டும். 1973 ஜூனில், யூகோஸ்லாவியாவுக்காக டேவிஸ் கிண்ணத்தில் ஆட மறுத்தார் எனக் குற்றஞ்சாட்டப்பட்டுத் தடை விதிக்கப்பட்ட நிக்கி பிலிச்சுக்கு ஆதரவாக, 81 வீரர்கள் விம்பிள்டனைப் பகிஷ்கரித்தனர். ஆஷ் அதில் முன்னின்றவர். ஒரு சக வீரரின் தொழில் உரிமைக்காக விம்பிள்டனையே துறந்தவர், ஐந்து மாதங்களின் பின் ஜோகன்னஸ்பேர்க்குக்குப் பயணமானார். ஆஷை விமர்சித்தவர்களுக்கு இது போதுமானதாக இருந்தது.

ஆனால் அவர் நிபந்தனைகள் விதித்தே சென்றார். பார்வையாளர் இருக்கைகளில் நிறப்பாகுபாடு இருக்கக்கூடாது. தான் விரும்பிய இடத்துக்குச் செல்லவும் விரும்பியவர்களைச் சந்திக்கவும் தடை இருக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கௌரவ வெள்ளையர் என்ற பட்டம் தனக்குத் தேவையில்லை. கறுப்பினத்தவராகவே தான் நாட்டுக்குள் அனுமதிக்கப்பட வேண்டும். ஜப்பானிய வர்த்தகர் போன்ற, தனக்குத் தேவைப்பட்ட வெளிநாட்டவர்களுக்கு அந்த விசித்திரமான கௌரவத்தை வழங்கிப் பழகியிருந்தது பிரிட்டோரியா அரசு. அந்த வசதியான ஏற்பாட்டை ஏற்க மறுத்ததே ஆஷின் பயணத்தை ஏனையோரின் பயணங்களிலிருந்து வேறுபடுத்தியது.

எலிஸ் பார்க் அரங்கில் அவர் இறுதிப் போட்டி வரை முன்னேறி ஜிம்மி கொன்னர்ஸிடம் தோற்றார். ஆனால் இரட்டையர் ஆட்டத்தில் டொம் ஒக்கருடன் சேர்ந்து சம்பியனானார். அந்நாட்டின் சம்பியன்கள் பட்டியலில் முதன்முறையாக ஒரு கறுப்பினத்தவரின் பெயர் பதிவானது. இருக்கைகள் தொடர்பான வாக்குறுதி முழுமையாக நிறைவேறவில்லை. அரங்கில் கறுப்பின மக்கள் பெரும்பாலும் வழமையான தமது மூலையிலேயே அமர்ந்திருந்தனர். எனினும் ஆஷ் பந்தை அடித்த ஒவ்வொரு முறையும் அம்மூலை ஆர்ப்பரித்தது. அலெக்சாண்ட்ரா குடியிருப்பைச் சேர்ந்த மார்க் மத்தபானே என்ற சிறுவனும் அக்காலத்தில் அவரைக் கண்டவர்களில் ஒருவன். வெள்ளையர் முன் தலை குனியாது நடக்கும் ஒரு கறுப்பின மனிதரைக் கண்டது தன் வாழ்வையே திருப்பியது என்று பின்னாளில் எழுத்தாளராகிய அவர் பதிவு செய்துள்ளார். டெனிஸே அவரை அமெரிக்கப் பல்கலைக்கழகம் வரை கொண்டு சென்றது.

சொவெட்டோவில் நிலைமை வேறாக இருந்தது. அங்கு பிள்ளைகளுக்குப் பயிற்சியளிக்கச் சென்ற ஆஷை இளைஞர்கள் சிலர் எதிர்கொண்டனர். அவர் வந்தது அடக்குமுறை அரசுக்கு மரியாதை தேடிக்கொடுக்கிறது என்றும், உலகுக்குக் காட்ட அவ்வரசுக்கு ஓர் அலங்காரப் பொருள் கிடைத்துவிட்டது என்றும், அவர் திரும்பிப் போவதே தமக்குச் செய்யும் உதவி என்றும் அவர்கள் முகத்துக்கு நேரே கூறினர். ஆஷ் கோபப்படவில்லை. மறுத்துப் பேசினாலும் அவர்களது வாதத்தை அவர் மறக்கவில்லை என்பது அவரது பிற்கால நடத்தையிலிருந்து தெரிகின்றது. வெளியிலிருந்து வந்து ஒரு வாரம் தங்கிச் செல்பவருக்கும் அங்கேயே வாழ்ந்து துன்பப்படுபவருக்கும் இடையே, எது உதவி என்பதைத் தீர்மானிக்கும் உரிமை யாருக்கு உண்டு என்ற கேள்வி அன்று சொவெட்டோவில் எழுந்தது. எங்கள் நாட்டிலும் அக்கேள்வி பல தடவை பல உருவங்களில் எழுந்ததுண்டு.

இனி 1974 க்கு வருவோம். தென்னாபிரிக்கா 1973 இல் டேவிஸ் கிண்ணத்தினுள் மீளச் சேர்க்கப்பட்டு, அமெரிக்க வலயத்தில் ஆடவிடப்பட்டிருந்தது. பொப் ஹெவிட், ஃபிரூ மக்மிலன், ரே மூர் போன்றோரைக் கொண்ட பலமான அணி அது. அமெரிக்க அணியோ ஆண்டின் தொடக்கத்திலேயே, ஆஷ் இல்லாத நிலையில், கொலம்பியாவிடம் தோற்று வெளியேறியது. மறுபுறத்தில் இந்தியா. சென்னையைச் சேர்ந்த அமிர்தராஜ் சகோதரர்களான விஜயும் ஆனந்தும் அவ்வணியின் தூண்கள். விஜய்க்கு அப்போது 20 வயது. கல்கத்தாவில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக நடந்த கிழக்கு வலய இறுதிப் போட்டி இன்றும் பேசப்படுகின்றது. டை பிரேக் முறை இல்லாத அக்காலத்தில் அப்போட்டி மொத்தம் 327 கேம்களுக்கு நீண்டது. இரட்டையர் ஆட்டத்தில் சகோதரர்கள் 17-15, 6-8, 6-3, 16-18, 6-4 என வென்றனர். இந்தியா 3-2 என அவுஸ்திரேலியாவை வெளியேற்றியது. பின்னர் பூனாவில் சோவியத் யூனியனை 3-1 என வென்றது. தென்னாபிரிக்கா இத்தாலியை வென்று மறுபுறம் வந்து நின்றது.

1966 இல் ராமநாதன் கிருஷ்ணன் காலத்து அணி இறுதியில் அவுஸ்திரேலியாவிடம் தோற்றிருந்தது. இம்முறை கிண்ணம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் 1946 இலேயே தென்னாபிரிக்காவுடனான வர்த்தகத்தைத் துண்டித்த நாடு இந்தியா. காந்தியடிகளின் பொது வாழ்வு தொடங்கிய மண் அது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு 1860 முதல் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழரின் வழித்தோன்றல்கள், மலையகத் தமிழரின் வரலாற்றையொத்த வரலாற்றைக் கொண்ட மக்கள், அந்த இனஒதுக்கல் சட்டங்களின் கீழ் வீடிழந்தும் வாக்கிழந்தும் வாழ்ந்துகொண்டிருந்தனர். இந்தியா ஆடவில்லை. விஜய் அமிர்தராஜ் பிற்காலத்தில் அந்த இழப்பின் வேதனையை மறைத்ததில்லை. அத்தீர்மானம் சரியானது என்று கூறவும் தயங்கியதில்லை. 1987 இல் மீண்டும் இறுதிவரை சென்றபோதும் இந்தியாவுக்குக் கிண்ணம் கிட்டவில்லை. வெற்றிப் பட்டியலில் 1974 க்கு நேரே தென்னாபிரிக்காவின் பெயர்தான் உண்டு. ஆனால் அதைப் பெருமையாக எடுத்துச் சொல்வோர் எவருமிலர்.

ஆஷ் அடுத்தடுத்த ஆண்டுகளிலும் தென்னாபிரிக்கா சென்றார். சொவெட்டோவில் கறுப்பினப் பிள்ளைகளுக்கான டெனிஸ் நிலையம் ஒன்றை அமைக்க உழைத்தார். 1976 ஜூன் 16 இல் சொவெட்டோ மாணவர் எழுச்சியும் அதையடுத்த துப்பாக்கிச் சூடுகளும் இடம்பெற்றன. 1977 இல் அங்கு சென்றபோது, ஆபிரிக்க இளைஞர் சிலருக்கு டெனிஸ் போட்டி அனுமதிச் சீட்டு வாங்க முனைந்த ஆஷிடம், ஆபிரிக்கருக்கான தனிக் கருமபீடத்துக்குச் செல்லுமாறு கூறப்பட்டது. நான்கு ஆண்டுகளின் முன் தமக்கு அளிக்கப்பட்ட வாக்குறுதிகளின் பெறுமதி என்னவென்பது அவருக்கு அன்று புலப்பட்டது. அதன் பின் அவர் முழுமையாகப் பகிஷ்கரிப்பின் பக்கம் வந்தார். சொவெட்டோ இளைஞர்கள் கூறியது பெருமளவில் சரியென ஏற்றுக்கொள்ள அவருக்கு நாணமிருக்கவில்லை. அவரது வாழ்வில் விம்பிள்டன் வெற்றியைவிட இதையே பெரிதாக மதிக்கத் தோன்றுகின்றது. பிரபலமானவர்கள் தமது நிலைப்பாட்டைக் காப்பாற்றுவதற்காகக் காரணங்களைத் தேடுவதையே நாம் அதிகம் கண்டிருக்கிறோம்.

அவரது விம்பிள்டன் வெற்றியும் டேவிஸ் கிண்ணத்தோடு பின்னிப் பிணைந்ததே. 1975 இறுதியில் அவரை எதிர்கொண்டவர், எவராலும் வெல்ல முடியாதவராகக் கருதப்பட்ட கொன்னர்ஸ். டேவிஸ் கிண்ண அணியில் ஆட முன்வராத கொன்னர்ஸை நாட்டுப்பற்றற்றவர் என்ற கருத்துப்பட ஆஷ் குறைகூறியிருந்தார். அதற்காகக் கொன்னர்ஸ் தரப்பு 50 இலட்சம் டொலர் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடர்ந்திருந்தது. ஜூலை 5 ஆம் திகதி மத்திய அரங்குக்குள் ஆஷ் தமது டேவிஸ் கிண்ண அணியின் மேற்சட்டையை அணிந்தவாறு நுழைந்தார். வாயால் எதுவும் கூறவில்லை. வேகத்தை வேகத்தால் எதிர்க்கும் தமது இயல்பான ஆட்டத்தைக் கைவிட்டு, மெதுவாகவும் தாழ்வாகவும் பந்தைத் தள்ளி, கொன்னர்ஸின் பலத்துக்கு இரை கிடைக்காமல் செய்தார். இடைவேளைகளில் கண்களை மூடி அமர்ந்திருந்தார். 6-1, 6-1, 5-7, 6-4. விம்பிள்டன் ஒற்றையர் பட்டத்தை வென்ற முதலாவது கறுப்பின ஆடவர் ஆனார். வழக்கு பின்னர் கைவிடப்பட்டது.

1977 பெப்ரவரியில் புகைப்படக் கலைஞரான ஜீன் மூட்டுசாமியை மணந்தார். இப்பெயர் எமது வாசகர்களின் கவனத்தை ஈர்க்காதிருக்க முடியாது. அது முத்துசாமி என்ற பெயரின் பிரெஞ்சு வடிவம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து கரீபியன் தீவான குவாதலூப்புக்குக் கூலிகளாக ஏற்றிச் சென்ற தமிழரின் சுவடு அது. ஜீனின் தந்தைவழிக் குடும்பம் அத்தீவிலிருந்து வந்ததாகும். அவரது தந்தை ஜோன் மூட்டுசாமி சிக்காகோவின் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர்.

1979 ஜூலையில், 36 வயதில், ஆஷுக்கு மாரடைப்பு ஏற்பட்டது. தாய் தந்தை இருவருமே இருதய நோயுள்ளவர்கள். அவ்வாண்டின் இறுதியில் சத்திரசிகிச்சை. 1980 இல் ஆட்டத்திலிருந்து ஓய்வு. 1981 முதல் 1985 வரை அமெரிக்க டேவிஸ் கிண்ண அணியின் தலைவராக, களத்தருகே நாற்காலியில் அமர்ந்திருந்தார். அவரது பிரதான வீரர் ஜோன் மெக்கன்ரோ. வைத்தியர் ஜோன்சனின் மாணவருக்கு விதி செய்த வேடிக்கை இது. நடுவரோடு வாதிடாத ஓர் ஆட்டம்கூட மெக்கன்ரோவுக்கு இல்லை. 1981 இல் ஆர்ஜென்டீனாவுக்கு எதிரான இறுதிப் போட்டியில் மெக்கன்ரோவின் நடத்தை எல்லை மீறியபோது, ஆட்டத்தையே விட்டுக்கொடுத்துவிடப் போவதாக ஆஷ் எச்சரிக்க நேர்ந்தது. அமெரிக்கா வென்றது. ஆயினும், இனஒதுக்கல் அரசு உருவாக்கிய பொப்புதட்சுவானாவில் ஆடப் பெருந்தொகைப் பணம் தர முன்வந்தபோது அதை நிராகரித்தவர் இதே மெக்கன்ரோதான் என்பதையும் கூறவேண்டும்.

1982 இறுதிப் போட்டி பிரான்ஸின் கிரனோபிளில் நடைபெற்றது. எதிரணியில் யானிக் நோவா. 1971 இல் ஆபிரிக்கச் சுற்றுப்பயணத்தின்போது கமரூனில் ஆஷ் கண்டெடுத்து, மட்டை ஒன்றைக் கொடுத்து, பிரெஞ்சு டெனிஸ் சம்மேளனத்துக்கு அறிவித்து அனுப்பிவைத்த அந்த 11 வயதுச் சிறுவனே நோவா. முதல் நாளில் மெக்கன்ரோவை ஐந்து செட் வரை இழுத்துச் சென்று தோற்றார் அவர். ஆஷின் அணி மீண்டும் கிண்ணத்தை வென்றது. அடுத்த ஆண்டு நோவா பிரெஞ்சுப் பகிரங்கப் பட்டத்தை வென்றார்.

தென்னாபிரிக்காவோ 1970 களின் முடிவோடு டேவிஸ் கிண்ணத்திலிருந்து மறைந்தது. 1977 இலும் 1978 இலும் அது அமெரிக்காவில் ஆட வந்தபோது அரங்கின் உள்ளும் புறமும் ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. இந்தியா 1974 இல் தனித்துச் செய்ததை உலகம் பின்தொடர்ந்து செய்தது எனலாம். 1985 ஜனவரி 11 ஆம் திகதி வொஷிங்டனில் தென்னாபிரிக்கத் தூதரகத்தின் முன் நடைபெற்ற போராட்டத்தில் ஆஷ் கைது செய்யப்பட்டார். அப்போது அவர் அமெரிக்க அணியின் தலைவர். நடுவரிடம்கூடக் குரல் உயர்த்தாதிருக்கப் பழகிய மனிதர், 41 ஆவது வயதில் கைவிலங்குடன் பொலிஸ் வாகனத்தில் ஏறினார்.

1983 இல் நடைபெற்ற இரண்டாவது சத்திரசிகிச்சையின்போது ஏற்றப்பட்ட இரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி இருந்தது. இரத்தத்தைப் பரிசோதிக்கும் முறை அன்று இருக்கவில்லை. 1988 இல் வலது கை செயலிழந்து, மூளையில் சத்திரசிகிச்சை செய்யப்பட்டபோதே எயிட்ஸ் என்பது தெரியவந்தது. அதே ஆண்டில்தான் கறுப்பின விளையாட்டு வீரர்களின் வரலாற்றை மூன்று தொகுதிகளில் கூறும் அவரது பெருநூலும் வெளியானது. கல்லூரியொன்றில் அப்பாடத்தைக் கற்பிக்கச் சென்றபோது உரிய நூல் எதுவும் இல்லாததைக் கண்டு, பல ஆண்டுகள் உழைத்துத் தாமே எழுதிய நூல் அது.

நோயைச் சில நண்பர்களைத் தவிர எவருக்கும் அவர் கூறவில்லை. சிறு வயது மகளின் நிம்மதியே அவரது கவலை. 1992 ஏப்ரலில் நாளிதழ் ஒன்று அதை அறிந்து விசாரிக்கத் தொடங்கியதால், வேறு வழியின்றித் தாமே செய்தியாளர் மாநாட்டைக் கூட்டி அறிவித்தார். மகளைப் பற்றிய இடம் வந்ததும் அவரால் வாசிக்க முடியவில்லை. மனைவி வாங்கி வாசித்தார். பதவி எதுவும் வகிக்காத ஒருவரின் நோய் செய்தியாகுமா என்ற விவாதம் அன்று அமெரிக்கப் பத்திரிகைகளில் பெரிதாக எழுந்தது. பத்திரிகைத் துறையிலுள்ள நாமும் அவ்விவாதத்தில் ஆஷின் பக்கம் நிற்கவே விரும்புவோம்.

அதற்குள் தென்னாபிரிக்கா மாறத் தொடங்கியிருந்தது. 1990 பெப்ரவரியில் நெல்சன் மண்டேலா விடுதலையானார். 1991 இல் கறுப்பின அமெரிக்கர் குழுவொன்றுடன் ஆஷ் மீண்டும் அங்கு சென்றார். இம்முறை எவரும் அவரைத் திரும்பிப் போகச் சொல்லவில்லை. 1992 இல் தென்னாபிரிக்கா டேவிஸ் கிண்ணத்துக்குத் திரும்பியது. அவ்வாண்டு செப்டெம்பரில், ஹெயிட்டி அகதிகளைத் திருப்பியனுப்பும் அமெரிக்கக் கொள்கையை எதிர்த்து வெள்ளை மாளிகையின் முன் நடந்த ஆர்ப்பாட்டத்தில், நோயுற்ற உடலோடு ஆஷ் மீண்டும் ஒருமுறை கைதானார். மறுநாள் அவருக்கு மாரடைப்பு ஏற்பட்டது. டிசெம்பர் முதலாம் திகதி ஐக்கிய நாடுகள் சபையில் எயிட்ஸ் பற்றி உரையாற்றினார். 1993 பெப்ரவரி 6 ஆம் திகதி நியூயோர்க் வைத்தியசாலையில் காலமானார். வயது 49.

உடல் ரிச்மண்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, ஆளுநரின் மாளிகையில் மக்கள் அஞ்சலிக்காக வைக்கப்பட்டது. தெற்கின் தளபதி ஸ்டோன்வோல் ஜக்சனுக்குப் பின் அங்கு அவ்வாறு வைக்கப்பட்ட முதலாவது உடல் அதுவாகும். 1996 ஜூலை 10 ஆம் திகதி, அத்தளபதிகளின் சிலைகள் வரிசையாக நிற்கும் அதே வீதியில் ஆஷின் வெண்கலச் சிலை திறந்துவைக்கப்பட்டது. ஒரு கையில் புத்தகங்கள், மறு கையில் டெனிஸ் மட்டை, சுற்றிலும் பிள்ளைகள். மட்டையைவிடப் புத்தகங்கள் உயர்த்திப் பிடிக்கப்பட்டுள்ளன. அவ்விடத்தில் அச்சிலையை வைக்கக்கூடாது என்று வெள்ளையரில் சிலரும் கறுப்பினத்தவரில் சிலரும் தத்தம் காரணங்களைக் கூறி எதிர்த்தனர். 2020 ஜூலையில் ஜக்சனின் சிலை அகற்றப்பட்டது. 2021 செப்டெம்பரில் தளபதி லீயின் சிலையும் பாரந்தூக்கியால் இறக்கப்பட்டது. அவ்வீதியில் எஞ்சி நின்றது ஆதர் ஆஷின் சிலை ஒன்றே.